உயிரே இல்லாத பழைய லேப்டாப்: மல்டிமீட்டரா, பெஞ்ச் சப்ளையா, நேரா மதர்போர்டை மாத்துறதா?

இருபது முப்பது வருஷ லேப்டாப் ஒண்ணு கையில சிக்குது, ஆசையா பட்டனை அமுக்குறோம், ஒரு லைட் கூட எரியல. உடனே எல்லாரும் பண்றது ஸ்க்ரூ டிரைவரைத் தேடுறதுதான். அங்கதான் தப்பு, ஏன்னா அந்தக் காலத்து பிளாஸ்டிக் இப்போ அப்பளம் மாதிரி ஆயிருக்கும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு கிளிப்பாவது போகும். அதனால எந்த வழியில மூடியைத் திறக்காமலே நிறைய விஷயம் தெரியுதோ, எனக்கு அதுதான் ஒசத்தி.

முதல்ல யுனிவர்சல் சார்ஜர். சுத்தமா வேணாம். பின் உள்ள போச்சுன்னா வோல்டேஜும் சரியா இருக்கும்னு நினைக்கிறவங்க நிறைய பேர், ஆனா திங்க்பேட் டி42-க்கு 16 வோல்ட், டி60-க்கு 20 வோல்ட், 1991-ல வந்த பவர்புக் 170-க்கு வெறும் 7.5 வோல்ட். பின்ல பிளஸ் முனை நடுவுலயா வெளியிலயான்னு அடாப்டர் மேல படம் போட்டிருக்கும், அதையும் யாரும் பாக்குறதில்ல.

மல்டிமீட்டர் அவசியம், ஆனா அதை அப்படியே நம்பக்கூடாது. நான் ஒரு தடவை அடாப்டர் முனையில வச்சுப் பாத்தேன், கிளீனா 16 காட்டுச்சு, சரி அடாப்டர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணி ரெண்டு நாள் சாயங்காலம் முழுக்க லேப்டாப்பை நோண்டிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு 10 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை லோடா, அதாவது கரண்ட் இழுக்குற சுமையா, குடுத்துப் பாத்தா 9 வோல்ட்டுக்கு இறங்கிடுச்சு, அடாப்டருக்குள்ள கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கு. லோடு இல்லாம எடுக்குற ரீடிங் பாதி உண்மைதான் (ரெசிஸ்டரைக் கையில பிடிக்காதீங்க, சுடும்).

பெஞ்ச் பவர் சப்ளைதான் (வோல்டேஜையும் கரண்ட் லிமிட்டையும் நாமளே செட் பண்ணிக்கிற மேஜை சப்ளை) என் கட்சி. பேட்டரியைக் கழட்டிட்டு, லேபிள்ல போட்ட வோல்டேஜை செட் பண்ணி, கரண்ட் லிமிட்டை 0.5 ஆம்பியர்ல வச்சு மாட்டினா, டிஸ்ப்ளேல வர்ற நம்பரே பேசும். 0.00-லயே நின்னா கரண்ட் உள்ளயே போகல, ஜாக் இல்ல ஃபியூஸ்னு பாக்கலாம். மாட்டின உடனே லிமிட்டைத் தொட்டு வோல்டேஜ் விழுந்துச்சுன்னா உள்ள எங்கயோ ஷார்ட், பட்டனைத் தொடவே தொடாதீங்க. 0.02, 0.03-ன்னு சும்மா நின்னா பட்டனை அமுக்குறதுக்காகக் காத்துட்டு இருக்குற ஸ்டாண்ட்பை சர்க்யூட்டுக்கு உயிர் இருக்கலாம், பட்டனை அமுக்கும்போது நம்பர் குதிக்குதான்னு பாருங்க, குதிச்சு திரும்ப விழுந்தா உள்ள இருக்குற ஏதோ ஒரு வோல்டேஜ் லைன் எழுந்திருக்க மாட்டேங்குதுன்னு சந்தேகப்படலாம். ஷார்ட் இல்லன்னு தெரிஞ்சப்புறம் லிமிட்டை ஏத்திக்கணும், இல்லன்னா 0.5 ஆம்பியர்ல பூட் ஆகாம நீங்களே குழம்பிப் போவீங்க. இதையெல்லாம் ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாம தெரிஞ்சுக்கலாம், இந்த வசதி மத்ததுல கிடையாது.

ஒரே ஒரு இடத்துல இதுவும் தோத்துடும். 90-கள் ஆரம்பத்து மெஷின்னா கரண்ட் குடுக்குறதுக்கு முன்னாடியே திறந்து பாத்துடுறது நல்லது, அந்த சமயத்து எஸ்எம்டி (போர்டு மேலயே ஒட்டி சால்டர் பண்ணுற) எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் நிறைய ஒழுகும், உள்ள இருக்குற திரவம் வெளிய வரும், சால்டரிங் அயனை வச்சா கருவாட்டு வாடை வரும், அதுதான் அடையாளம். நிக்கல் காட்மியம் பேக்கப் பேட்டரி ஒழுகியிருந்தா பச்சையா பூத்து போர்டுல இருக்குற டிராக்கையே (கரண்ட் போற செம்புக் கோடு) தின்னுருக்கும். அதுக்கு மூக்கும் கண்ணும்தான் மீட்டர்.

போர்டு மாத்துறது? கேக்க ஈஸியா இருக்கும். ஆனா நீங்க வாங்குற போர்டுக்கும் அதே வயசு, அதே கெபாசிட்டர், அதுவும் எங்கயோ இருட்டுல ஒழுகிட்டுதான் இருந்திருக்கும். சிப்பே எரிஞ்சு போச்சுன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் அந்தப் பக்கம் போங்க.

அப்புறம் அந்த 9 வோல்ட் கதை, நல்ல அடாப்டர் போட்டும் அந்த லேப்டாப் ஆன் ஆகல. பெஞ்ச் சப்ளைல மாட்டினேன், 0.00. பிளக்கை லேசா மேல தூக்கினா 0.03, விட்டா திரும்ப 0.00. ஜாக்கோட நடு பின்ல சால்டர் வட்டமா வெடிச்சிருந்துச்சு, பத்து நிமிஷ வேலை.