கேட்டுக்கு வெளியே வேஸ், உள்ளே ஓஸ்மாண்ட்: தோட்டத்துப் பாதைகளில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அனுபவம்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்குத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். வழிகாட்டும் செயலிகளான வேஸ், கூகுள் மேப்ஸ், ஓஸ்மாண்ட் மூன்றும் வருடக்கணக்காக என் கைப்பேசியில் இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எதண்ணே நல்லது?" என்பதுதான். தார்ச் சாலை முடியும் வரை வேஸ். தோட்டத்து கேட்டைத் தாண்டினால் ஓஸ்மாண்ட், அதுவும் நாமே திருத்திய வரைபடமாக இருந்தால். வீட்டார் அனுப்பும் இடத்தைத் திறந்து பார்க்க கூகுள் மேப்ஸ்.

வேஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வார இறுதியில் மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்குப் படையெடுக்கும் கார்கள், லாத்தார் நெடுஞ்சாலையில் விபத்து, பெருநாள் நெரிசல் எல்லாவற்றையும் மற்ற ஓட்டுநர்களின் கைப்பேசிகளிலிருந்தே அது தெரிந்துகொள்கிறது. சுங்கை பூலோ பக்கம் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும்போது இதற்கு ஈடு இல்லை. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இதில் கிடையாது. கைப்பேசிக்கு லைன் (சிக்னல்) இருக்கும்போது போட்ட வழி ஓடிக்கொண்டிருக்கும், லைன் இல்லாத இடத்தில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால் புது வழி வராது. செம்பனைக்கு நடுவே லைன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சிக்கல் தோட்டத்துக்குள்தான். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். துணைக்கோள் படத்தில் பார்த்தால் ஒரு தீம்பாருக்கும் (தோட்டத்தின் ஒரு பிரிவு) அடுத்த தீம்பாருக்கும் வித்தியாசமே தெரியாது. பாதை இருக்கிறது என்று வரைபடம் காட்டும், வண்டி போகுமா என்று காட்டாது. ஒரு செயலி எங்களை இரவில் ஒரு குறுக்கு வழியில் அனுப்பியது. பாதை உண்மையிலேயே இருந்தது. ஆனால் குலைத் திருட்டைத் தடுக்க நிர்வாகம் எல்லையோரமாகப் பள்ளம் வெட்டியிருந்தது. அந்தப் பக்கம் நோயாளியின் மகன் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறார், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஆள் இறங்கி ஏற முடியாத பள்ளம், அடியில் தண்ணீர். ரிவர்ஸ் எடுத்து, பெரிய சாலைக்கே திரும்பி, முன் கேட் வழியாகப் போக வேண்டியதாயிற்று. அப்புறம்தான் நான் வரைபடத்தைத் திருத்தக் கற்றுக்கொண்டேன்.

ஓஸ்மாண்ட் எடுத்துக்கொள்வது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவை. 2004இல் பிரிட்டனில் தொடங்கிய திட்டம் அது, யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து திருத்தலாம். செம்மண் பாதையா, கல் போட்டதா, குறுக்குக் கம்பி உண்டா, பாலம் எத்தனை டன் தாங்கும், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறிப்பு போடலாம். எங்களுக்கு உயிர்நாடி அந்தப் பாலக் குறிப்புதான். கால்வாய்மேல் இரும்புத் தகடு போட்ட பாலங்களில் மோட்டார்சைக்கிள் சிட்டாகப் பறக்கும், ஆம்புலன்ஸ் ஏறினால் கதை முடிந்தது. ராஜா மூசா பக்கத்துக் கரிமண் (மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண்) நிலத்தில் பாதையே வருடத்துக்கு வருடம் தாழ்ந்துகொண்டு போகும். போன வருடம் போனோமே என்று நம்பி இறங்கக் கூடாது.

ஓஸ்மாண்டில் முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. தோட்டப் பாதைகள் பெரும்பாலும் தனியார் பாதை என்றே குறிக்கப்பட்டிருக்கும். செயலி அதற்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்து, தோட்டத்தைச் சுற்றி வெளியிலேயே வழி காட்டும். வழித்தட அமைப்பில் தனியார் பாதைகளை அனுமதிக்கும் பொத்தானைத் தட்டிவிட்டால் சரி. இதைத் தெரியாமல் 'குப்பை செயலி' என்று அழித்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: இலவச வரைபடம் மாதத்துக்கு ஒருமுறைதான் புதிதாகும். இன்று போட்ட திருத்தம் இன்றிரவே வண்டிக்கு வந்துவிடாது.

கூகுள் மேப்ஸ், வேஸ் இரண்டிலும் மோட்டார்சைக்கிள் என்று வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஆம்புலன்ஸ் கைப்பேசியை இரவல் வாங்கிய யாராவது அதை மாற்றி வைத்திருப்பார்கள். புறப்படும் முன் திரையில் கார் படம் இருக்கிறதா, மோட்டார் படம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களும் ஒரு பெரிய தலைவலி. சாலைப் பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா, நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. அதுகூடப் பரவாயில்லை, இரண்டையும் எல்லாச் செயலிகளும் புரிந்துகொள்கின்றன. லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து எத்தனையோ வருடம் ஆன தோட்டத்தின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்களே, அது எந்த வரைபடத்திலும் இல்லை. தேடினால் தமிழ்ப்பள்ளி வந்து நிற்கும். நம் தோட்டப் பள்ளிகள் பல, பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டே வேறு ஊருக்கு இடம் மாறிவிட்டன. தோட்டத்தின் பெயரைத் தட்டினால், பள்ளி இப்போது இருக்கும் தாமானுக்கே (குடியிருப்புப் பகுதிக்கே) வழி காட்டும். அதனால் அழைப்பவரிடம் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதில்லை. "எத்தனாவது கட்டையில் திரும்பணும்? திரும்பினதும் முதலில் கோயிலா, கடையா? கம்பியைத் திறக்க ஜாகா இருக்காரா?" (கட்டை என்றால் மைல், ஜாகா என்றால் காவலாளி.) இந்த மூன்றும் கேட்டால் பாதி வேலை முடிந்தது. வயதானவர்கள் இதற்குக் கச்சிதமாகப் பதில் சொல்வார்கள். இளையவர்கள் "லொகேஷன் அனுப்பிட்டேன் அண்ணே" என்று போனை வைத்துவிடுவார்கள்.

அந்த லொகேஷனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பும் முன், எத்தனை மீட்டர் துல்லியம் என்று சின்ன எழுத்தில் காட்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து உடனே அனுப்பினால் அந்த எண் நூற்றுக்கணக்கில் இருக்கும். வெளியே வானம் தெரியும் இடத்தில் சற்று நின்று, எண் இறங்கியபின் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவர் நோயாளியின் பக்கத்தில்தான் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்பா தோட்டத்தில் விழுந்து கிடக்க, ஷா ஆலாமில் இருந்த மகன் பதற்றத்தில் தன் அடுக்குமாடி வீட்டின் இடத்தை அனுப்பிய கதையும் எங்களிடம் உண்டு. நல்ல வேளை, புள்ளி நகரத்துக்குள் விழுந்ததைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

வாக்கிடாக்கியில் ஆயத்தொலைவை (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) படித்துச் சொல்லும்போது எந்த வடிவம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 3.38 பாகை என்பது 3 பாகை 38 நிமிடம் அல்ல, 3 பாகை 22.8 நிமிடம். இரண்டையும் குழப்பினால் வண்டி 28 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்கும். தசமத்தில் நான்கு இலக்கம் சொன்னால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் பிடிபடும், அதற்கு மேல் படிப்பது வீண்.

மூன்று சொல் முகவரி தரும் வாட்த்ரீவேர்ட்ஸையும் முயன்று பார்த்தேன். மூன்று மீட்டர் சதுரத்துக்கு ஒரு முகவரி, தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் இரைச்சலில், பதற்றத்தில், ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கூகுளின் பிளஸ் கோடு எனக்குத் தேவலை. உயிரெழுத்தே இல்லாமல் எழுத்தும் எண்ணும் கலந்த பத்துக் குறிகள், ஏறத்தாழ 14 மீட்டர் சதுரம். ஊர்ப் பெயரைச் சேர்த்தால் முதல் நான்கை விட்டுவிடலாம். வெறும் கணக்கு என்பதால் லைன் இல்லாமலும் வேலை செய்யும். ஓஸ்மாண்டிலும் அப்படியே தட்டலாம்.

கைப்பேசி வாங்கும்போது இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் (துணைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்குவது) உள்ளதாகப் பாருங்கள். 2018க்குப் பிறகு நடுத்தர விலையிலும் வருகிறது. பனை மட்டைகளின் அடியில் புள்ளி அடுத்த பாதைக்குத் தாவுவது இதில் நன்றாகவே குறைகிறது. டேஷ்போர்டு வெயிலில் வைத்தால் எந்தக் கைப்பேசியும் சூடேறித் திரை மங்கிவிடும். குளிர்சாதனக் காற்று வரும் வாய்க்கு முன்னால் மாட்டுங்கள்.

காகித வரைபடத்தை நான் விடவில்லை. நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், ஆறும் கால்வாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது ஒரே பார்வையில் தெரியும். திசைகாட்டியின் வடக்கும் உண்மையான வடக்கும் நம் நாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுதான், திருத்தம் போட வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: பழைய படங்கள் கெர்த்தாவ் அளவீட்டில் அமைந்தவை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் அளவீடு வேறு. அதிலிருந்து ஆயத்தொலைவை எடுத்து அப்படியே கைப்பேசியில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். அதைவிட அன்றாடம் உதவுவது தோட்ட ஆபீசில் கிடைக்கும் தீம்பார் படம். முனையில் நட்டிருக்கும் பலகையில் தீம்பார் எண்ணும், கன்று நட்ட வருடமும், பரப்பளவும் எழுதியிருப்பார்கள். அடிபட்ட தொழிலாளி அந்த எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் மறுநடவு நடந்தால், ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை, பாதையும் எண்ணும் மாறிவிடும், படத்தைப் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கம்பிச் சாவி யாரிடம் என்பதைப் பொது வரைபடத்தில் எழுத முடியாது, ஜாகாவின் போன் எண்ணை ஊருக்கே போடக் கூடாதே. அதை ஓஸ்மாண்டின் பிடித்த இடங்கள் பட்டியலில், ஒவ்வொரு கேட்டுக்கும் கீழே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலை ஜிபிஎக்ஸ் கோப்பாக (இடக்குறிப்புகளைப் பரிமாறும் கோப்பு வடிவம்) எடுத்து ஓட்டுநர்களுக்குள் மட்டும் பகிர்ந்துகொள்கிறோம். ஜாகா மாறும்போது யாராவது திருத்த மறந்துவிடுகிறார்கள், அதற்குத்தான் இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.