மைக்ரோவேவில் பொறி பறந்தால் ‘மேக்னட்ரான் போச்சு’ என்பதை அப்படியே நம்பாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். மைக்ரோவேவ் ரிப்பேர் என்று சொல்லி, செய்யாத வேலைக்கு எங்களிடம் 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கியிருக்கிறார் டவுன் கடைக்காரர் ஒருவர்.

ஆட்டுக்கறியைச் சூடு பண்ணும்போது உள்ளே வலது பக்கம் பட் பட்டென்று பொறி பறந்தது. அம்மா உடனே சுவிட்சை அடைத்துவிட்டார். கடைக்காரர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. “மேக்னட்ரான் போச்சும்மா, மாத்தலன்னா வெடிச்சிடும்” என்றார். மேக்னட்ரான் என்பது சாப்பாட்டைச் சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம். மாற்றியதாக ரசீதும் எழுதினார். பொறி நின்றது, நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம் ஈப்போவில் ரிப்பேர் வேலை செய்யும் மாமா பையன் வந்து திறந்து பார்த்தார். மேக்னட்ரானைப் பிடித்திருக்கும் திருகாணிகள்மேல் பழைய தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே படிந்திருந்தன. யாரும் கை வைத்ததற்கான அடையாளமே இல்லை. புதிதாக இருந்தது உள்சுவரில் அட்டை மாதிரி இருக்கும் மைக்கா தகடு மட்டும்தான். அதையும் கத்தரிக்கோலால் கோணலாக வெட்டிச் செருகியிருந்தார்கள். அதன் விலை சில வெள்ளிதான்.

மேக்னட்ரானிலிருந்து வரும் அலை இந்தத் தகட்டைத் தாண்டித்தான் சாப்பாட்டுக்கு வருகிறது. குழம்பு தெறித்துத் தெறித்து, எண்ணெய் ஊறி, அந்த இடம் கருகினால் பொறி பறக்கும். தங்கக் கரை போட்ட தட்டு, அலுமினியத் தாள் வைத்தாலும் பறக்கும், அதை முதலில் பாருங்கள். சாப்பாடு சூடாகிறது என்றால் மேக்னட்ரான் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கறியும் அன்று ஆவி பறக்கத்தான் இருந்தது! ஆனால் பொறி வந்தபிறகு தொடர்ந்து ஓட்டாதீர்கள், அதுதான் மேக்னட்ரானையே கெடுக்கும். தெறிக்காமலிருக்க, ஆவி போக இடம் விட்டு மூடிச் சூடுபண்ணுங்கள்.

யூடியூப் பார்த்து நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும். மாமா பையன்கூட முதலில் அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் தொட்டார்.

ரிப்பேருக்குக் கொடுத்தால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்டபோது “தூக்கிப் போட்டாச்சு” என்றார். ரசீதைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருகிறாராம். ரசீது எங்களிடமே இருக்கட்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்கறிஞர் இல்லாமலே புகார் பதியலாம், பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.