நைனர்ஸுக்கு அடுத்த டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர்: உள்ளே வளர்ந்தவரா, வெளியாளா, திரும்பி வருபவரா?

ராபர்ட் சலே போய்விட்டார். 2026 ஜனவரியில் டென்னசி டைட்டன்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் மறுபடியும் ஒரு டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரை, அதாவது தடுப்பாட்டத்தை நடத்தும் பயிற்சியாளரை, தேட வேண்டி வந்தது. 2022-இல் டிமெகோ ரயன்ஸ், 2023-இல் ஸ்டீவ் வில்க்ஸ், 2024-இல் நிக் சோரன்சன், 2025-இல் சலே. 2026-க்கு வருகிறவரையும் சேர்த்தால் ஐந்து சீசனில் ஐந்து பேர்.

இந்த அணியைப் பின்தொடர்கிறவர்களுக்கு இது வருத்தமான கணக்கு. ஆனால் அலசுவதற்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷானஹன் 2017-இலிருந்து மாறவில்லை. ஃப்ரெட் வார்னர், நிக் போசா போன்ற முக்கிய ஆட்டக்காரர்களும் மாறவில்லை. கோஆர்டினேட்டர் நாற்காலிக்கு உள்ள மூன்று வழிகளையும் இதே அணி முயன்று பார்த்திருக்கிறது: உள்ளேயே வளர்ந்தவரை உயர்த்துவது, வெளியிலிருந்து அனுபவசாலியைக் கொண்டுவருவது, போனவரைத் திரும்ப அழைப்பது. என் ஓட்டு முதல் வழிக்கு. ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சம்பளத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. என்.எஃப்.எல்.லில் உச்சவரம்பு ஆட்டக்காரர் சம்பளத்துக்குத்தான், பயிற்சியாளருக்கு இல்லை. பணம் உள்ள அணி யாரையும் கேட்கலாம். வயது, பெயர், பேட்டியில் பேசும் விதம் இவையெல்லாம் இரண்டாம் பட்சம். எனக்கு முக்கியம் ஒன்றுதான்: புதியவர் வந்ததும் யார் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்? அவர் ஒருவரா, களத்தில் நிற்கும் பதினொரு பேருமா?

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். ஒரு பிளே, அதாவது பந்தை நகர்த்தும் ஒரு முயற்சி, முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிதான் இருக்கிறது. டிஃபென்ஸில் ஒருவருடைய ஹெல்மெட்டில் மட்டும் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். பயிற்சியாளரின் குரல் ரேடியோவில் அவருக்குத்தான் கேட்கும். நைனர்ஸில் அது, தடுப்பாட்டத்தின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கர் வார்னர். கடிகாரம் 15 விநாடியைத் தொட்டதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். எதிரணி யார் யாரை இறக்குகிறது என்று பார்த்து, ஒரு ஆட்டத்தைச் சொல்லி, அது வார்னர் வழியாக மற்ற பத்துப் பேருக்கும் போய்ச் சேர வேண்டும். அதன்பின் எதிரணி நகர்ந்தால் அதற்கேற்ப மாற்ற வேண்டியவர் வார்னர் மட்டும்தான். சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே மாதிரி யோசித்தால் இந்த 25 விநாடி போதும். இல்லையென்றால் ஒருவர் அரை அடி தள்ளி நிற்பார், அங்கேயே எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்துவிடும்.

ரயன்ஸ் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். அவரே முன்னாள் லைன்பேக்கர். 2006-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸுக்காக ஆடி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். 2017-இல் நைனர்ஸில் அடிமட்ட உதவியாளராகச் சேர்ந்தார். 2018-இல் இன்சைட் லைன்பேக்கர் பயிற்சியாளர் ஆனார். அதே ஆண்டுதான் வார்னர், புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுத் தேர்வாக அணிக்கு வந்தார். மூன்று சீசன் ஒருவர் சொல்லித்தர, இன்னொருவர் கற்றுக்கொண்டார். 2021-இல் சலே நியூயார்க் ஜெட்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனபோது ரயன்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவில் வார்னருக்குக் கேட்டது பழகிய குரல்.

முதல் சில வாரங்கள் ரயன்ஸ்மீது விமர்சனம் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் சீசன் போகப்போகக் கை தேர்ந்துவிட்டது. பிளேஆஃபில் லாம்போ ஃபீல்டின் குளிரில், நைனர்ஸ் அஃபென்ஸ் ஒரு டச்டவுன்கூட அடிக்காத ஆட்டத்தில், கிரீன் பேயை 10 புள்ளிகளில் கட்டிப்போட்டு 13–10 என்று ஜெயித்தார்கள். மறு ஆண்டு யார்டிலும் சரி, புள்ளியிலும் சரி, லீக்கிலேயே மிகக் குறைவாக விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ் இவர்களுடையதுதான். போசா அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர், ரயன்ஸ் சிறந்த உதவிப் பயிற்சியாளர். யாரும் புது அகராதி படிக்கவில்லை. இருந்ததன் மேல் ரயன்ஸ் தன்னுடையதைச் சேர்த்தார்.

2023-இல் அவரை ஹூஸ்டன் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. இங்கேதான் முதல் வழியின் உண்மையான விலை இருக்கிறது. நன்றாகச் செய்கிற உள்ளாளை அடுத்தவர் தூக்கிக்கொண்டு போவார். போகிறவர் தனியாகவும் போகமாட்டார். பின்வரிசைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கோரி அண்ட்லினும் ரயன்ஸோடு ஹூஸ்டன் போனார். அடுத்த வரிசையில் இருந்திருக்க வேண்டிய அனுபவம் இப்படிக் கரைந்தது. ஈடு ஒன்று உண்டு. 2020-இல் வந்த விதிப்படி, சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் வேறு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனால், இழந்த அணிக்கு இரண்டு ஆண்டுகள் மூன்றாம் சுற்றில் கூடுதலாக ஒரு தேர்வு கிடைக்கும். சலே ஜெட்ஸுக்குப் போனபோதும் ரயன்ஸ் போனபோதும் நைனர்ஸுக்கு அது கிடைத்தது. வார்னரே மூன்றாம் சுற்றில் வந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால் அது சின்ன ஈடு இல்லை.

சரி, இரண்டாவது வழி. ஸ்டீவ் வில்க்ஸ் திறமை இல்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அரிசோனாவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 2022-இல் கரோலைனா நடுவழியில் தடுமாறியபோது இடைக்காலப் பொறுப்பேற்று 6–6 (வெற்றி–தோல்வி) என்று கௌரவமாக முடித்தவர். சிக்கல் அவரிடம் கேட்கப்பட்ட விஷயத்தில் இருந்தது. உங்கள் முறையைக் கொண்டுவராதீர்கள், எங்கள் முறையை நீங்கள் நடத்துங்கள் என்பதுதான் ஏற்பாடு. பதினொரு பேரும் கற்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் கற்க வேண்டிய ஒரே ஆள் ரேடியோவில் பேசுகிறவராக இருந்தார்.

மினசோட்டாவுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டம் நினைவிருக்கும். பாதி ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்க, பந்து எறிபவரைத் தாக்க ஆட்களை அள்ளி அனுப்பும் பிளிட்ஸ் ஒன்றைச் சொன்னார். ஜோர்டன் ஆடிசன் 60 யார்டு டச்டவுன் அடித்தார். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று வில்க்ஸே பிறகு ஒப்புக்கொண்டார். மேலே அறையிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொண்டிருந்தவரை நடுச் சீசனில் களத்துக்கு இறக்கினார்கள். அவர் காலத்தில் அணி சூப்பர் போல் வரை போனது, அங்கே கான்சஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் 25–22 என்று தோற்றது. மூன்று நாளில் வில்க்ஸை அனுப்பிவிட்டார்கள். அது அவசரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டெட்ராய்ட்டுக்கு எதிரான அரையிறுதியில் ஓட்டத்தில் மட்டும் 182 யார்டு விட்டது பெரிய குறைதான். ஆனால் ஒருவர் அடுத்தவர் முறையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஒரு சீசன் போதாது.

வெளியாள் சரியாக வரும் விதமும் ஒன்று இருக்கிறது. 2024-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் விக் ஃபாஞ்சியோவை எடுத்தது. அவருக்குத் தன் முறை உண்டு, லீக்கில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். அணி அவருக்காக வளைந்துகொடுத்தது. டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளும் குயின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன் என்று பின்வரிசைக்கே போயின. ஜாக் பானை நடு லைன்பேக்கராக மாற்றினார்கள். சூப்பர் போலில் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாமல் கான்சஸ் சிட்டியின் பந்து எறிபவர் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்தார்கள், அதாவது பந்தை எறியுமுன்பே வீழ்த்தினார்கள். வெளியாள் வேண்டுமென்றால் அவர் முறையையும், அதற்கான ஆட்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். பாதி வாங்கினால் வில்க்ஸ் கதைதான்.

அப்படியானால் சோரன்சன் உள்ளாள்தானே, 2024 ஏன் 6–11 என்று முடிந்தது? நியாயமான கேள்வி, என் கட்சிக்கு எதிரான பெரிய சாட்சியும் இதுதான். ராம்ஸ், கார்டினல்ஸ், சீஹாக்ஸ் மூவரிடமும் முன்னிலையில் இருந்து கடைசியில் கோட்டைவிட்ட ஆட்டங்கள் அந்த ஆண்டு உண்டு. காயங்களும் ஒரு காரணம். ட்ரே கிரீன்லா சூப்பர் போலிலேயே குதிகால் தசைநாண் அறுந்து பெரும்பாலான சீசன் இல்லை, ஹார்கிரேவ் மூன்றாவது வாரத்தோடு போனார். ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. சோரன்சன் வந்தது 2022-இல்தான். அதற்கு முன் உதை ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸ் வேலையும் பார்த்தவர். கூடவே தன் முறை ஒன்றை வைத்திருந்த பிராண்டன் ஸ்டேலியையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு ரேடியோவுக்குப் பின்னால் இரண்டு முறைகள். உள்ளாள் என்ற பெயர் மட்டும் போதாது, ஆட்டக்காரரோடு சேர்ந்து வளர்ந்த ஆண்டுகள் வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சின்னச் சொந்த அனுபவமும் உண்டு. என் மகள் ஆடும் ஃப்ளாக் ஃபுட்பால் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். டிஃபென்ஸை யாரிடம் கொடுப்பது என்று போன சீசனில் முடிவெடுக்க வேண்டி வந்தது. கல்லூரியில் ஆடிய ஒருவர் முன்வந்தார். பல சீசனாகப் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு அம்மாவும் இருந்தார். அம்மாவைத்தான் தேர்ந்தெடுத்தோம். அவர் பாதி வார்த்தை சொல்வதற்குள் பிள்ளைகள் நகர்ந்தார்கள். ஐந்து பேர் ஆடும், மோதல் இல்லாத ஆட்டத்தை வைத்து என்.எஃப்.எல். பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன். முன்வரிசைப் போர் என்ற ஒன்றே அதில் கிடையாது. ஆனாலும் நான் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதில் அதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவது வழி சலே. முறையே அவர் கட்டியது என்பதால் யாரும் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. காகிதத்தில் இதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை. 2025-இல் போசாவை மூன்றாவது வாரத்திலும் வார்னரை ஆறாவது வாரத்திலும் இழந்தும், சாக் எண்ணிக்கையில் லீக்கிலேயே கடைசியில் இருந்தும் அணி 12–5 என்று முடித்தது. பிளேஆஃபில் ஃபிலடெல்ஃபியாவை 23–19 என்று வென்றது. சியாட்டிலிடம் 41–6 என்று அடிவாங்கியதை அந்த அடிபட்ட அணியின் மேல்தான் போடுவேன், சலேயின் மேல் அல்ல. ஆனால் ஒரே ஆண்டில் போய்விட்டார். ஏற்கெனவே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், நல்ல சீசன் ஒன்று முடிந்தால் அழைப்பு வரும் என்பது எதிர்பார்த்ததுதான். கூடுதல் தேர்வுக்கான விதி குறைந்தது இரண்டு ஆண்டு அணியில் இருந்தவர்களுக்குத்தான் பொருந்தும். அதனால் இந்த முறை அந்த ஈடும் கிடையாது.

சலேயின் முதல் வருகையையும் மறக்கக் கூடாது. 2018-இல் அவருடைய டிஃபென்ஸ் எதிரணி எறியும் பந்தைப் பறித்துப் பிடிக்கும் இன்டர்செப்ஷனைச் சீசன் முழுக்க இரண்டே முறை எடுத்தது, லீக் வரலாற்றில் அவ்வளவு குறைவாக யாரும் எடுத்ததில்லை. அப்போது ஷானஹன் அவரை அனுப்பவில்லை. 2019-இல் போசா வந்தார், முன்வரிசைப் பயிற்சியாளராகக் கிரிஸ் கோக்குரெக் வந்தார், அணி சூப்பர் போல் போனது. அந்தப் பொறுமை வில்க்ஸுக்கும் சோரன்சனுக்கும் கிடைக்கவில்லை.

இந்தத் தேடலில் நான் முதலில் தட்டுவது நைனர்ஸின் லைன்பேக்கர் அறைக் கதவையும், அடுத்து பின்வரிசைப் பயிற்சியாளர்கள் அறைக் கதவையும்தான். வார்னரோடு நாள்தோறும் வீடியோ பார்க்கிறவர் யார், இரண்டு மூன்று ஆண்டாவது இருந்தவர் யார் என்று கேட்பேன். அப்படி ஒருவர் தயாராக இல்லையென்றால் ஃபாஞ்சியோ மாதிரித் தன் முறையோடு வரும் வெளியாளை எடுத்து, டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வையாவது அவர் கேட்கிற இடத்துக்குக் கொடுக்கலாம். எங்கள் முறையை நீங்கள் நடத்துங்கள் என்ற பேரத்தை மட்டும் இனி யாரிடமும் பேசக் கூடாது. 2026 ஜனவரியில் வார்னருக்கு 29 வயது, கணுக்கால் முறிவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் உச்சத்தில் இருக்கப்போகும் அடுத்த மூன்று நான்கு சீசனுக்கும் ரேடியோவில் ஒரே குரல் கேட்கும்படியான ஆளைத்தான் ஷானஹன் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.