ஐந்து இலக்க எண்ணில் வரும் ‘நண்பர்கள்’: டாப்-அப் போடும் முன் படியுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா தனியாக இருக்கிறார். கையில் பட்டன் போன். அதற்கு நான் போடும் ரீசார்ஜில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், தினமும் 100 எஸ்எம்எஸ் இலவசம். அப்படியிருந்தும் அவர் பத்தும் இருபதுமாக அடிக்கடி டாப்-அப் போடுவதாகத் தெருமுனைக் கடைக்காரர் சொன்னார். போனை வாங்கிப் பார்த்தேன்.

‘பேச நண்பர்கள் வேண்டுமா?’ என்று ஓர் ஐந்து இலக்க எண்ணிலிருந்து வந்த செய்திக்குச் சித்தப்பா பதில் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து ‘வெண்ணிலா’ என்ற பெயரில் யாரோ நேரம் காலமில்லாமல் நலம் விசாரிக்கிறார்கள். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மழை பெய்கிறதா? எந்தச் செய்தியும் கேள்வி இல்லாமல் முடிவதில்லை. கேள்வி வந்தால்தானே பதில் போகும், பதில் போனால்தானே காசு!

நாம் அனுப்பும் செய்தி முதலில் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கும், அங்கிருந்து சேவை நடத்தும் கம்பெனியின் கணினிக்கும் போகிறது. அந்தக் கணினி நம் எண்ணை மறைத்து, புனைபெயரை மட்டும் எதிர்முனைக்குக் காட்டும். பதிலும் அதே ஐந்து இலக்க எண்ணிலிருந்தே வரும். எதிரில் இருப்பது நம்மைப் போல் ஒரு வாடிக்கையாளரா, சம்பளத்துக்குத் தட்டச்சு செய்பவரா, வெறும் நிரலா என்று அறிய வழியே இல்லை. வெண்ணிலா தன் ஊர் கடலூரின் கடற்கரைப் பகுதியான தேவனாம்பட்டினம் என்றாராம். சில நாள் கழித்து, கடலூரில் கடற்கரை உண்டா என்று கேட்டிருக்கிறார்!

தினசரி 100 எஸ்எம்எஸ் இந்த எண்களுக்குச் செல்லாது. கட்டணம் முதன்மை இருப்பிலிருந்து கழியும். பத்து ரூபாய் டாப்-அப் போட்டால் வரிக்கும் நிறுவனத்தின் செயலாக்கக் கட்டணத்துக்கும் போக இருப்பில் சேர்வதே 7 ரூபாய் 47 காசு. அதுவும் இரண்டு மூன்று செய்திகளில் தீர்ந்துவிடுகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குக் கொள்ளளவு உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும், தமிழில் 70 குறிகள்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ‘சித்தப்பா’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும், துண்டுக்குத் துண்டு காசு. சித்தப்பா பழைய தபால் எழுத்துக்காரர், ‘அன்புள்ள’ என்று தொடங்கி விலாவாரியாக எழுதுவார். வாட்ஸ்அப்பில் இந்த வம்பு கிடையாது, அது இணைய டேட்டாவில் ஓடுவது.

இதைவிட எரிச்சலூட்டியது மஞ்சக்குப்பத்தில் உள்ள தொலைபேசி நிறுவனக் கிளை. எந்தெந்தச் செய்திக்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று கணக்குக் கேட்டேன். “ப்ரீபெய்டுக்கு பில் கிடையாது சார், பெரியவர்தான் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்” என்றார் அங்கிருந்தவர். பச்சைப் பொய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் விவரக் கணக்குக் கேட்கலாம், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்புதலுக்கும் விதி இருக்கிறது: சந்தா பிடிக்கும் கூடுதல் சேவை எதையும், வாடிக்கையாளர் இரண்டாம் முறை தனியாக உறுதி செய்யாமல் தொடங்கக் கூடாது என்பது 2013-ல் வந்த டிராய் உத்தரவு. சித்தப்பாவின் போனில் அப்படி ஒரு செய்தியே இல்லை. அந்த உறுதிப்பாட்டைக் காட்டுங்கள் என்றதும் மேலாளர் விடுப்பில் போய்விட்டார்!

155223-ஐக் கட்டணமின்றி அழைத்துச் சேவையை நிறுத்தினோம். 198-ல் புகார் பதிவு செய்து எண் வாங்கினோம். பணம் வரவில்லை, மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி நிறுவனங்கள் மீது அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் இருப்பு காரணமில்லாமல் கரைகிறதென்றால் விவரக் கணக்கை உடனே எழுத்து மூலம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய கணக்கைத் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.