ஊர் மருத்துவரா, ஆசாரிபள்ளமா, திருவனந்தபுரமா, வேலூரா? காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு எந்த வழி?

எங்கள் வீட்டில் இருவருக்கு வயிற்றுவலி. ஒருவர் என் அண்ணன், மற்றவர் நான். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரே முற்றத்தில் வளர்ந்து, ஒரே மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டவர்கள் நாங்கள். அண்ணனின் வலிக்குப் பெயர் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின. என் வலிக்கு நான்கு. இதற்கிடையில், குமரி மாவட்டத்து நோயாளி ஒருவர் போகக்கூடிய வழிகளில் பெரும்பாலானவற்றில் எங்களில் ஒருவராவது போய்வந்துவிட்டோம். ஊர் மருத்துவர், நாகர்கோவில் தனியார் மருத்துவமனை, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவனந்தபுரம், உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசான் என்று அந்த வரிசை நீளும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாங்கள் போகவில்லை. அத்தை மகன் போய்வந்தான். நான் வேலை பார்க்கும் பள்ளியில் யாருக்கு வயிறு வலித்தாலும், "டீச்சர், எங்கே போகலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பவும் மனம் வருவதில்லை.

நம்மவர்கள் மருத்துவமனைகளைப் பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தையும் பில் தொகையையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். என்ன நோய் என்று தெரிந்தபின் சிகிச்சைக்கு இடம் தேடுபவருக்கு அது ஓரளவு உதவலாம். நோயே என்னவென்று தெரியாதவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நம் வலியின் கதையை முதலிலிருந்து கேட்பவர் யார்? கேட்டதை எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்துப் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் யார்? வேறெங்கும் இல்லாத எந்தக் கருவி அங்கே இருக்கிறது, அது நமக்கு இப்போது தேவைதானா?

இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. முயலாமலேயே எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் போகிறது அல்லது மலம் கறுப்பாகிறது, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, கண் மஞ்சளாகிறது, இரத்தசோகை இருக்கிறது, அல்லது ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வலி தொடங்கியிருக்கிறது என்றால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வயிறு பலகைபோல் இறுகித் திடீரென்று கடுமையாக வலித்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே போக வேண்டும்.

மற்றவர்கள் செய்யும் முதல் காரியம், மருத்துவரைப் பார்க்கும் முன்பே தாமாக ஸ்கேன் சென்டருக்குப் போவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு ஆண்டுகளில் மூன்று அல்ட்ராசவுண்ட், இரண்டு எண்டோஸ்கோப்பி, ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தேன், ஆறு அறிக்கைகளும் 'நார்மல்' என்றே வந்தன. அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் நிம்மதி வருவதற்குப் பதிலாக அழுகை வந்தது. 'நார்மல்' என்றால் அந்தக் கருவிக்குத் தெரியக்கூடிய கோளாறு எதுவும் அதன் கண்ணில் படவில்லை என்பதுதான் பொருள் என்று பிறகுதான் விளங்கியது. அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் சினைப்பைக் கட்டியையும் நன்றாகக் காட்டும். குடலில் காற்று நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்தைப் பல நேரம் காட்டாது. எண்டோஸ்கோப்பி உணவுக்குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் மட்டுமே பார்க்கும். கருப்பைக்கு வெளியே அதன் உள்படலம் வளர்ந்து மாதவிடாயையொட்டி வலிக்கும் எண்டோமெட்ரியோசிஸ் நோயும் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடுவதுண்டு. என்ன தேடுகிறோம் என்பதைச் சொல்லாமல் எடுக்கும் ஸ்கேனுக்குச் செலவழிக்கும் பணத்தில், ஒரு மருத்துவரிடம் நான்கு முறை உட்கார்ந்து பேசிவிடலாம்.

ஊர் மருத்துவரின் பலம் எது, குறை எது என்பதை அண்ணனின் கதையிலிருந்து சொல்கிறேன். அண்ணன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். இருபத்திரண்டு வயதில் மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுக்குப் பாயும். இரவு பின்கட்டுத் திண்ணையில் தலையணையை வயிற்றோடு அணைத்து, நெற்றி முழங்காலில் முட்டும் அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அப்படி இருந்தால்தான் வலி கொஞ்சம் அடங்கும். "வாயுவாக்கும் மக்களே, பூண்டு சுட்டுத் தாறேன்" என்று அம்மா சொல்வார். ஒரு தனியார் மருத்துவமனையில், எவ்வளவு குடிக்கிறாய் என்பதே முதல் கேள்வி. குடிப்பதில்லை என்று அவர் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. சாராயத்தைத் தொட்டறியாத மனிதர் அன்று வீட்டுக்கு வந்து யாருடனும் பேசவில்லை. வலியைவிட அந்த அவநம்பிக்கையே அவரை அதிகம் வாட்டியது.

ஆறாம் ஆண்டில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அதற்கு மருந்து எழுத உட்கார்ந்த எங்கள் ஊர் மருத்துவர், யாரும் அதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: மலம் கழித்தபின் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, எத்தனை வாளி ஊற்றினாலும் போகாமல் ஒட்டுகிறதா? ஆம் என்றார் அண்ணன். ஒல்லியான உடல், இளவயதுச் சர்க்கரை, முதுகுக்குப் பாயும் வலி, எண்ணெய் மிதக்கும் மலம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்த அவர், கணையத்தைக் குறிப்பாகப் பார்க்கும்படி சீட்டெழுதி ஆசாரிபள்ளத்துக்கு அனுப்பினார். சி.டி. ஸ்கேனில் கணையக் குழாய் நெடுகக் கற்கள் தெரிந்தன. முன்பு இரண்டு தடவை எடுத்த இரத்தப் பரிசோதனையில் கணைய நொதிகள் சரியான அளவில் இருந்ததைக் காட்டி, கணையத்தில் கோளாறில்லை என்று வேறோரிடத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கு வந்திருந்த நாட்பட்ட கணைய அழற்சியில் அந்த அளவுகள் சரியாகவே இருக்கக்கூடும் என்பதைப் பிறகு அறிந்தோம்.

இந்த நோய் நம் நிலத்துக்குப் புதிதன்று. குடிக்காத இளைஞர்களுக்கும் குழந்தைகளுக்கும் கணையத்தில் கல் உருவாகும் இந்த வகை அழற்சியைக் கேரளத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து விரிவாக ஆராய்ந்து பதிவுசெய்தவர் மருத்துவர் ஜீவர்கீஸ். சிறுவயதில் வலி, பருவ வயதில் சர்க்கரை, நடுவயதுக்கு முன்பே சாவு என்று அன்று விவரிக்கப்பட்ட நோய், இன்று இன்சுலினாலும் உணவோடு எடுக்கும் நொதி மாத்திரைகளாலும் எண்டோஸ்கோப்பி வழியே கல்லை எடுக்கும் முறையாலும் அறுவை சிகிச்சையாலும் பெருமளவு கட்டுக்குள் வைக்கக்கூடியதாகிவிட்டது. மரச்சீனிக் கிழங்குதான் காரணம் என்று நெடுநாள் சந்தேகித்தார்கள், அது உறுதிப்படவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றங்கள் பலரிடம் காணப்பட்டிருக்கின்றன. கிழங்கு அவித்துக் கொடுத்த குற்றவுணர்வில் அம்மா பல நாள் அழுதார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லை எடுக்கும் கட்டத்தில்தான் திருவனந்தபுரம் வருகிறது. குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1 வரை அதுவே நம் தலைநகரம்; களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்கு இன்றும் நாகர்கோவிலைவிட அதுதான் பக்கம். ஈரல், கணையம், குடல் என்று தனித்தனியே தேர்ந்த நிபுணர்களும், வாய்வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை உள்ளே செலுத்திக் கணையத்தை அருகிலிருந்து பார்க்கும் வசதியும் கிடைக்கும் ஊர் அது. சந்தேகம் இன்ன உறுப்பில் என்று தெரிந்து, கையில் சீட்டோடு போகிறவருக்கு அது மிக நல்ல வழி. எங்கே கோளாறு என்றே தெரியாமல் போகிறவர் எந்தப் பிரிவின் வாசலில் நிற்பது என்பதிலேயே நாட்களை இழப்பார். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை சேர்க்கைக்கும் அறுவைக்கும் கைகொடுக்கிறதே தவிர, நோய் கண்டறிவதற்கான அலைச்சலில் பெரும்பகுதி புறநோயாளிச் செலவாகவே கையிலிருந்து போகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆசாரிபள்ளத்தில் சில நூறு ரூபாயில் முடிகிற சி.டி. ஸ்கேனுக்குத் தனியாரில் பல ஆயிரம் ஆகிறது.

என் வலி வேறு வகை. வலது விலாவுக்குக் கீழே, தொப்புளுக்குப் பக்கவாட்டில், ஒரு ரூபாய் நாணயம் மூடிவிடக்கூடிய இடம். கரும்பலகையில் உயரமாக எழுதும்போது குத்தும். சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதலில் எல்லோரும் வைத்த பெயர் அல்சர். நம் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் பின்னர் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பல்லாண்டு பணிசெய்தபோது, தென் திருவிதாங்கூரின் குடற்புண் நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். அன்று கத்தி வேண்டியிருந்த அந்தப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா பெரும் காரணம் என்று கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்து, இருந்தால் இரண்டு வார மாத்திரையில் அழித்துவிடுகிறார்கள். எனக்குக் கிருமியும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகள் வெறும் வயிற்றில் அமிலம் குறைக்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் இது மனக்கவலை என்று எழுதினார். குடலுக்கும் மூளைக்கும் இடையே உள்ள நரம்புத் தொடர்பில் வலி பிறப்பது உண்மை. அதற்குக் குறைந்த அளவில் தரும் மருந்துகள் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. அதை நான் மறுக்கவில்லை. வயிற்றில் கைவைத்துப் பார்க்காமலேயே அப்படி எழுதியதுதான் என் மனத்தாங்கல்.

என் வலிக்குப் பெயர் கிடைத்தது ஆசாரிபள்ளத்தில். அங்கே போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்துத் தயங்குவார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரி என்பதில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது: நோயாளியின் கதையை முழுவதும் கேட்டு எழுதுவது பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதி. என்னைப் பார்த்த இளம் பெண் அரை மணி நேரம் கேட்டு எழுதினாள். பிறகு கட்டிலில் படுக்கச் சொல்லி, வலிக்கும் புள்ளியில் ஒரு விரலை வைத்து அழுத்தியபடி, "அம்மா, கையை ஊன்றாம தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். வயிற்றுத் தசை இறுகியது. வலி இரண்டு மடங்காகி, கத்திவிட்டேன். அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. உள்ளுறுப்பு வலியாக இருந்தால், இறுகிய தசை கவசமாகி வலி குறைய வேண்டும். கூடினால் கோளாறு வயிற்றுச் சுவரிலேயே இருக்கிறது. 1926இல் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்த பரிசோதனை இது. வயிற்றுத் தசையின் ஓரத்தில் செங்குத்தாகத் திரும்பித் தோலுக்கு வரும் நரம்பு ஒன்று அங்கே நெரிபட்டிருந்தது. மூத்த மருத்துவர் வந்து அந்தப் புள்ளியில் மரத்துப்போகும் ஊசி போட்டதும், சில நிமிடங்களில், நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக வலியில்லாமல் எழுந்து உட்கார்ந்தேன்.

வர்ம ஆசானைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு முன்பே அவரும் அதே இடத்தைத் தொட்டு, "இது உள்ளே இல்லை, தசையிலதான் பிடிப்பு" என்றார்; எண்ணெய் தடவியதில் இரண்டு நாள் குறைந்தது. ஸ்கேனில் வராததைக் கை சொன்னால் நம்புவதா என்று நான் அதைத் தள்ளிவிட்டேன். தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் உள்ளே கல்லோ கட்டியோ காசநோயோ இல்லை என்று உறுதிசெய்ய அவர்களிடம் வழியில்லை. அண்ணன் அங்கே மட்டும் போயிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வீணாகியிருக்கும். உள்மருந்து வேண்டுமென்றால், கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனைபோல் பதிவுபெற்ற மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் வாங்கலாம். பெயரில்லாத பொட்டலத்தில் தரும் பொடியை மட்டும் தொடவே கூடாது. முறையாகச் செய்யப்படாத உலோக மருந்துகளில் ஈயம் இருந்துவிடுவதுண்டு. ஈயமே இரத்தசோகையையும் மலச்சிக்கலையும் கடும் வயிற்றுவலியையும் உண்டாக்கும். அப்படிப் பொடி சாப்பிட்டவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேலூர் பற்றி எனக்குக் கேள்வி அறிவுதான். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், லாட்ஜ் அறை, கூடப் போகும் ஒருவரின் வேலை இழப்பு எல்லாம் சேர்ந்ததே அதன் உண்மையான கட்டணம். பல துறையினரும் ஒரே ஃபைலைப் பார்த்து முடிவெடுப்பது அங்கே கிடைக்கும் பெரிய நன்மை என்று அத்தை மகன் சொல்கிறான். பெரும்பாலானவர்களுக்கு அது முதல் படியாக இருக்கத் தேவையில்லை. இங்கே எல்லாம் பார்த்தும் விடை கிடைக்காதவருக்கு அது சரி. எங்கே போனாலும் பழைய படங்களின் குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி எடுத்துச் செல்ல வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் ஸ்கேனைத் திரும்ப எடுக்க வைப்பார்கள்.

ஆகவே பள்ளியில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: ஊர் மருத்துவர் ஒருவரிடம் ஆறு வாரம்; அவர் சீட்டோடு ஆசாரிபள்ளம் அல்லது நாகர்கோவிலில் குடல்நோய் நிபுணர்; சந்தேகம் ஓர் உறுப்பில் ஊன்றியபின் திருவனந்தபுரம்; அதற்குப் பிறகே வேலூர். அந்த ஆறு வாரமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், சாப்பிட்டது, மலம், மாதவிடாய் நாள், வலி எந்த விரலளவில் எங்கே, என்ன செய்தால் குறைந்தது என்று எழுதச் சொல்கிறேன். எனக்கு முதல் ஊசியின் பலன் ஐந்து வாரம் நின்றது; இரண்டாவது ஊசிக்குப் பின் நான்கு மாதம். அண்ணன் இப்போது மாத்திரையோடு சாப்பிட்டுவிட்டு அதிகாலையில் பால்வெட்டுக்குப் போகிறார். வலி வரும் இரவுகள் இன்னும் உண்டு. திண்ணையில் தலையணையோடு அவர் நோட்டும் பேனாவும் இருக்கின்றன.