வீட்டிலிருந்தா, சிதம்பரமா, காலாப்பட்டா?

அண்ணன் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். வீடு கூத்தப்பாக்கத்தில், படித்தது கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில். கணக்கில் கெட்டிக்காரி, பி.எஸ்சி. கணிதம்தான் வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எங்கே என்பதில்தான் குழப்பம். கடலூரிலேயே தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். மூன்றிலும் கணிதம் உண்டு. என் மகள் மேல்படிப்பைப் புதுச்சேரியில் முடித்தவள் என்பதால் அண்ணன் கணக்கு நோட்டோடு என்னிடம் வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். அடுத்த வருடம் இதே கேள்வியோடு நிற்கப்போகிற வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பெயர். புதுச்சேரி 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அண்ணாமலை 1929-இல் தொடங்கி 2013-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு பெயருக்கும் ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடலூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலையோடு இணைக்கப்பட்டவை. தேவனாம்பட்டினத்தில் படித்தாலும் பட்டம் அண்ணாமலை பெயரில்தான் வரும். பட்டத்தில் இருக்கும் பெயருக்காக மட்டும் சிதம்பரம் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெயரைப் பார்க்கிறவர்கள் வளாகத்தையும் பார்க்க வேண்டும். என் மகளின் தோழி ஒருத்திக்குக் கடல் உயிரியல் ஆசை. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்றதும் காலாப்பட்டுக் கடற்கரை என்றே நினைத்திருந்தாள். அந்தத் துறை இருப்பது அந்தமானில், போர்ட் பிளேரில். அண்ணாமலையின் கடல் உயிரியல் மையமோ நம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. ஒன்றுக்குக் கப்பலோ விமானமோ ஏற வேண்டும், மற்றொன்றுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

போய்வரும் நேரம்

கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். "பக்கம்தானே, தினமும் போய் வரட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகம் இருப்பது புதுச்சேரி ஊருக்குள் இல்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே இன்னும் 12 கிலோமீட்டர் போனால்தான் காலாப்பட்டு. கூத்தப்பாக்கத்திலிருந்து கிளம்பினால் மூன்று வண்டி மாற வேண்டும். நடுவே அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசல். நான் ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். வாசலைத் தொட இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பி வரவும் அதே இரண்டு. தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் நிற்கிற பிள்ளை ராத்திரி எப்போது கணக்குப் போடும்? ஊரில் பலர் போய்வருகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காலாப்பட்டு என்றால் அங்கேயே தங்கிப் படிப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் 45 கிலோமீட்டர், தூரம் அதிகம். ஆனால் ரயில் இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நேர் ரயில் பாதையே கிடையாது. சிதம்பரத்துக்கோ விழுப்புரம் மயிலாடுதுறை பாதையில் நேராகப் போய்விடலாம். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் அண்ணாமலைநகர். இறங்கினால் வளாகம். பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகவே தருகிறது. பையன்களுக்கு அது பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடும், அதன் பிறகு சலுகை விலை. இந்த விஷயம் என் அண்ணனுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் நான் கேட்ட நாலு பேருக்கும் தெரியாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நிற்கிற காலை ரயிலும் சாயங்கால ரயிலும் வகுப்பு நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பெரியார் கல்லூரிக்கு டவுன் பஸ் போதும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. இதை நம்பிப் புதுச்சேரிப் பயணத்துக்குக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தடத்தில் ஓடும் தனியார் வண்டிக்கும் புறநகர் வண்டிக்கும் இந்த இலவசம் பொருந்தாது.

தங்கும் இடம்

சிதம்பரத்தில் தங்குவது என்றால் பல்கலைக்கழக விடுதி ஒரு வழி. இன்னொரு வழி அரசு நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகள் என்று நாம் சொல்லிவந்தவை. 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். சோறும் இடமும் இலவசம். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. வீடு 8 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. எல்லா விடுதியும் ஒரே மாதிரி இருக்காது. சேரும் முன் ஒரு நாள் சாயங்காலம் நேரில் போய்க் கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்துவிடுங்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளிடம் பேசினால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

காலாப்பட்டில் வளாக விடுதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். வெளியே அறை எடுப்பதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், நாங்கள் அடிபட்டது அங்கேதான்.

என் மகள் இரண்டு தோழிகளோடு லாஸ்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் அறை எடுத்தாள். மூன்று மாத அட்வான்ஸ். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாதத்தை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை, வாதாட முடியவில்லை. அதைவிடப் பெரிய பாடம் மழையில் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஒரே நாளில் கொட்டிய மழை அந்த ஊர் பார்க்காத மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணீரில் நின்றன. மகளின் அறையில் முழங்கால் அளவு. மெத்தை, அரிசி, அவள் கைப்பட எழுதிய இரண்டு வருட நோட்டுகள் எல்லாம் போயின. பிள்ளை பத்திரமாக இருந்தாள் என்பதே போதும் என்று அன்று நினைத்தோம். ஆனால் நோட்டுக்காக அவள் அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அறை பார்க்கப் போகிறவர்கள் ஜூன் மாத வெயிலில்தான் போவார்கள். சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள், எதிர்வீட்டுப் பாட்டியிடம் மழைக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். வாடகை ஐநூறு ரூபாய் கூடினாலும் மாடி அறையாகப் பாருங்கள்.

பணம்

நோட்டில் அண்ணன் கல்லூரிக் கட்டணங்களை மட்டும் எழுதி வைத்திருந்தார். கட்டணத்தைப் பார்த்தால் மூன்றுமே கட்டக்கூடிய தொகையாகத்தான் தோன்றும். அரசுக் கலைக் கல்லூரியில் டியூஷன் கட்டணமே இல்லை, சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

என் மகளின் மாதச் செலவு இப்படி இருந்தது: வாடகையில் அவள் பங்கு 3,000, சாப்பாடு 4,500, கரண்ட்டும் தண்ணீர் கேனும் 300, பஸ் 600, போன் 300, வீட்டுக்கு வந்துபோக 400. மொத்தம் 9,100. கல்லூரி பத்து மாதம் என்றால் 91,000. ஆனால் விடுமுறை மாதங்களுக்கும் வாடகை கொடுத்தாக வேண்டும். அந்த 6,000-ஐயும் சேர்த்தால் வருடத்துக்கு 97,000. இதில் கட்டணமோ புத்தகமோ சேரவில்லை.

இப்போது மறுபக்கம். அண்ணன் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. இவை தமிழ்நாடு அரசின் திட்டங்கள், புதுச்சேரியில் சேருவதாக இருந்தால் இந்த ஆயிரத்தைச் சேர்க்காமலே கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தால் வெளியில் அறை எடுப்பதற்கும் வீட்டிலிருந்து போவதற்கும் வருடத்துக்கு 1,09,000 ரூபாய் வித்தியாசம். மூன்று வருடத்துக்கு மூன்றேகால் லட்சம்.

அப்புறம், பணம் எந்த மாதத்தில் கேட்கப்படுகிறது என்பது. அட்வான்ஸ், மெஸ் டெபாசிட், முதல் பருவக் கட்டணம், பாய் தலையணை எல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஒன்றாக வந்து நிற்கும். உதவித்தொகை வருவது பல மாதம் கழித்து. ஒவ்வொரு வருடமும் இந்த மூன்று மாதத்தில்தான் நம் வீட்டு வளையல்கள் அடகுக்குப் போகின்றன. அதனால் வருடச் செலவு தாங்குமா என்று கேட்பதோடு, முதல் மூன்று மாதத்துக்குக் கையில் ரொக்கம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலாப்பட்டு தருவது

பணத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் ஆசையை மறுத்துவிட எனக்கு மனம் வராது. காலாப்பட்டில் கேரளம், ஒடிசா, வடகிழக்கு என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் மகள் போன முதல் மாதம் வாய் திறக்கவே பயந்தாள். இரண்டாம் வருடம் மேடையேறி ஆங்கிலத்தில் கருத்தரங்கக் கட்டுரை படித்தாள். நூலகமும் பேராசிரியர்களும் அவளுக்குத் திறந்துவிட்ட உலகத்தைக் கடலூரில் நாங்கள் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அவள் அங்கே போனது இருபத்தொரு வயதில், எதைப் படிக்கிறோம் என்று தெளிவோடு.

டி.என்.பி.எஸ்.சி. கனவு இருக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பட்டம் கேட்கிற பதவிகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு பட்டத்தை ஆங்கில வழியில் எடுத்தால் அந்த உரிமை போய்விடும். சேரும்போதே பயிற்றுமொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறியியல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புதுச்சேரித் தனியார் கல்லூரிக்குப் போவது எனக்குப் புரியவில்லை.

நாங்கள் செய்தது

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குக் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த முடிவு தாமதமாக வரும். 2024-இல் ஜூலை 28-இல்தான் வந்தது, அதற்குள் நம் கல்லூரிகளில் வகுப்பே தொடங்கிவிட்டது. அதனால் காத்திருக்காமல் அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம், 50 ரூபாய் செலவு. சிதம்பரத்துக்கும் ஒன்று. எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்திவைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. பின்னால் இடம் மாற நேர்ந்தால் தயங்காமல் கேட்டு வாங்கலாம்.

என் எண்ணத்தை மறைக்காமல் சொன்னேன். பட்டப்படிப்பு தேவனாம்பட்டினத்தில், மேல்படிப்பு காலாப்பட்டில். வீட்டில் படிக்க இடமோ அமைதியோ இல்லையென்றால் சிதம்பரம் விடுதி. அண்ணன் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அத்தை, மூணு வருஷம் கழிச்சு அப்பா காசு இல்லைன்னு சொன்னா?" என்று கேட்டாள். அந்தப் பயம் நியாயமானது. அடுத்த நாளே மஞ்சக்குப்பம் அஞ்சலகத்தில் அவள் பெயரில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கினோம். மாதம் 2,000. அவளுக்கு வரும் ஆயிரமும் என் ஆயிரமும். மூன்று வருடம் கட்டிய பிறகு வேண்டுமென்றால் முன்கூட்டியே முடித்து எடுத்துக்கொள்ளலாம். வட்டியில்லாமலே 72,000. பாஸ் புத்தகம் அவளிடமே இருக்கிறது.