குழாய் டாலி, தகர டப்பா ஸ்டாண்டு: ஆறு வருடம் உழைத்தபின்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குறும்படம் எடுக்கிற நாங்கள் நாலு பேர். யாருக்கும் இது தொழிலில்லை. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் மருந்துக்கடையில் இருக்கிறார், ஒருவர் பேனல் பீட்டர், அதாவது அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துகிறவர். நான் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். 2019இல் தொடங்கி இதுவரை நாலு படம் முடித்திருக்கிறோம். கேமராவும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் செகண்ட் ஹாண்டில் வாங்கியவை. மற்றதெல்லாம் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், பேனல் பீட்டரின் கராஜில் நாங்களே செய்தவை.

புதிதாகச் செய்த அன்றைக்கு எந்தச் சாமானும் நன்றாகத்தான் ஓடும். வீடியோ போட்டுக் காட்டுகிறவர்களும் அந்த ஒரு நாளைத்தான் காட்டுகிறார்கள். ஆறு வருடம் கடல்காற்றிலும் பக்கி என்று இங்கே சொல்கிற பிக்கப் வண்டியின் முதுகிலும் கிடந்து அடிபட்டபின் அவை என்ன ஆயின என்று எழுதுவார் யாருமில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

டாலியிலிருந்து, அதாவது கேமராவை வைத்துத் தள்ளும் தள்ளுவண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் அதிகம் பட்டோம். 50 மில்லிமீட்டர் வடிகால் குழாய் இரண்டு, அவைதான் தண்டவாளம். மேலே ஒரு பிளைவுட் பலகை. பலகையின் நாலு மூலையிலும் அலுமினிய ஆங்கிளைக் கூரை மாதிரி கவிழ்த்து வைத்து, அதன் இரண்டு பக்கமும் ஸ்கேட்போர்டு சக்கரங்கள். மூலைக்கு நாலு சக்கரம், மொத்தம் 16. சக்கரத்துக்கு இரண்டு பேரிங். ஸ்கேட்போர்டுக்குப் போடுவது 608 என்ற நம்பர்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். எந்த ஊரிலும் கிடைக்கும்.

வடிகால் குழாய் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. எங்கள் காரில் ஏறாது. பாதியாக அறுத்து, உள்ளே மரத்தக்கை செருகிச் சேர்த்தோம். சேர்த்த இடத்தில் சக்கரம் ஏறும்போதெல்லாம் படத்தில் ஒரு சின்னக் குலுக்கல். நேராக அறுத்ததுதான் தப்பு. பேனல் பீட்டர் அதைப் பார்த்துவிட்டு, முனைகளைச் சாய்வாக அறுத்துக் கொடுத்தார். சாய்வாக இருந்தால் சக்கரம் இடைவெளியில் ஒரேயடியாக விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்துவிடும். குலுக்கல் போயே போய்விட்டது. அப்புறம் ஒரு டிசம்பர் மாதம் குழாய்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. வெயிலில் பிவிசி இளகும் என்று தெரியாமலில்லை, நினைவில்லை. இப்போது தரையில் படுக்கப் போட்டுத்தான் வைக்கிறோம்.

பேரிங் கதை வேறு. இசிபிங்கோ கடற்கரையில் ஒரே ஒரு நாள் எடுத்தோம். மணலும் உப்பும் உள்ளே போய், இரண்டு வாரத்தில் டாலி முனக ஆரம்பித்தது. எண்ணெய் விட்டோம், அடங்கியது. சரி, தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு ஆயா வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

ஆயா என்றால் வாத்தியாரின் பாட்டி. எண்பதைத் தாண்டியவர். எங்கள் தெருவில் தமிழைச் சரளமாகப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களில் ஒருவர். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த குடும்பங்களை 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பினார்கள். ஆயாவின் குடும்பமும் அதில் ஒன்று. எங்கள் இரண்டாவது படமே அவர் அதைச் சொல்வதுதான்.

நாங்கள் குழாய்களோடு வாசலில் நின்றதைப் பார்த்ததும் கேட்டார்: “என்னா தம்பி, குழா மாத்த வந்தியா?”

“இல்ல ஆயா, இதுலதான் கேமரா ஓடும்.”

“ஓடட்டும். செருப்ப வெளிய வுட்டுட்டு வா.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். லாரி வந்த காலை, கட்டிலைப் பிரித்துக் கட்டியது, கொல்லையில் நின்ற மாமரத்தில் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. நாங்கள் கேமராவை அவர் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனோம். படம் அபாரம். இன்றைக்குப் பார்த்தாலும் அதைவிட நல்ல ஷாட் எங்களிடம் இல்லை. ஆனால் மாமரம் என்ற சொல்லின் மேலேயே ஒரு கிறீச். பேரிங்.

“ஆயா, இன்னொரு தடவை சொல்றீங்களா?”

“ஒரு தரம் சொன்னேனில்ல. போதும்.”

அதோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் கிறீச்சை எடிட்டிங்கில் எவ்வளவோ குறைத்துப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்தால் அவர் குரலும் கூடவே தேய்ந்தது. அப்படியே விட்டுவிட்டோம். படத்தில் இன்னும் இருக்கிறது.

அன்றைக்கே எல்லா பேரிங்கையும் மாற்றினோம். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வைத்த வகை, நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று போட்டிருக்கும். தகர மூடி வகையைவிடக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும், ஆனால் மணல் புகாது. நாலாவது வருடம் ஓடுகிறது, முனகல் இல்லை.

இன்னொரு இழப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், செலவு குறைவான தப்புதான், ஆனால் வலித்தது. கேமராவின் அடியில் இருக்கும் திருகுத் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. இங்கே ஹார்ட்வேர் கடையில் சட்டென்று கையில் கிடைப்பது எம்6 போல்ட், 6 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35. எம்6 உள்ளே போகும், நாலு சுற்று சுற்றும், பிடித்த மாதிரியே இருக்கும். பிடிக்காது. கேமராவைத் தோளில் தாங்க நாங்கள் செய்த குழாய்ச் சட்டத்திலிருந்து கேமரா நழுவி, வாத்தியாரின் கால் விரலில் விழுந்தது. கேமரா பிழைத்தது, விரல் நகம் போனது. கடைக்காரரிடம் “கால் அங்குலம்” என்று வாய்விட்டுக் கேளுங்கள், கையில் பழைய டிரைபாட் திருகு ஒன்றைக் கொண்டுபோய் நட்டில் போட்டுப் பாருங்கள்.

விளக்கு விஷயத்தில்தான் கைவேலை உண்மையிலேயே ஜெயித்தது. 5 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு குழாயை நிறுத்திவிட்டோம். கான்கிரீட் லிட்டருக்கு 2.4 கிலோ வரும், ஆக ஒரு ஸ்டாண்டு 12 கிலோ. கடலோரக் காற்றுக்கு அசையவில்லை. சாட்ஸ்வொர்த்தின் ஏற்றங்களில் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் மட்டும் திட்டுவான். ஆறு வருடத்தில் ஒன்றுகூடக் கெடவில்லை, கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒளியை மெத்தென்று ஆக்க வெள்ளை ஷவர் திரை. வெளியில் ஒளியைத் திருப்பக் காரின் முன்கண்ணாடியில் மாட்டும் வெள்ளித் தட்டி.

பல்பு மட்டும் மலிவாக வாங்காதீர்கள். எங்கள் முதல் படத்தில் எல்லார் முகமும் சாம்பல் பூசினாற்போல, ஓரத்தில் பச்சை தட்டி இருந்தது. மலிவு எல்இடிக்கு நம் கறுப்பு, மாநிறத் தோலின் சிவப்பைக் காட்டத் தெரியவில்லை. இப்போது முகத்துக்கு அடிப்பது சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, 90க்கு மேல் போட்ட பல்பு, பின்சுவருக்கு எது கிடைத்தாலும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்து ஷட்டரை விநாடியில் 50இல் ஒன்றாக வைத்தால் துடிப்பு தெரியாது. டிம்மரைத் தொட்டால் மறுபடி கோடு கோடாக வரும். வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைத் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

2022, 2023இல் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது 12 வோல்ட் எல்இடி பட்டைகளைக் கார் பேட்டரியில் போட்டு எடுத்தோம். நேர்மின்சாரம் என்பதால் துடிப்புத் தொல்லையும் இல்லை. ஆனால் கார் பேட்டரி ஸ்டார்ட் பண்ணுவதற்குச் செய்தது, மணிக்கணக்கில் வடிப்பதற்கு அல்ல. முழுக்க வடித்து வடித்து இரண்டு பேட்டரியைக் கொன்றோம். பேனல் பீட்டர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு ஒன்று பழக வெகுநாள் ஆனது. இங்கே குளிர்கால வெயில் வடக்கேயிருந்து வரும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது இங்கே குளிர்காலம், ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். தெற்கு ஜன்னலை நம்பி ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். வெளிச்சம் வந்தது அடுப்படியில்.

ஒலிக்கு வருகிறேன். பெயிண்டர்கள் சுவருக்கு வைக்கும் நீட்டு அலுமினியக் கம்பு, பூம் கம்பாக, அதாவது மைக்கைப் பேசுகிறவரின் தலைக்கு மேல் நீட்டிப் பிடிக்கும் கம்பாக, நன்றாக உழைக்கிறது. மைக்கைத் தலைமுடி ரப்பர்களில் தொங்கவிட்டோம், அவை இந்த ஊர் உஷ்ணத்தில் இற்றுப்போகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காற்றுச் சத்தத்தைத் தடுக்க, மைக்கின் மேலே மாட்ட ஒரு பொம்மைக் கரடியை உரித்தோம். தப்பு. அந்த ரோமத்தின் பின்துணி கெட்டியாக இருந்ததால் சொற்களின் கூர்மையே போய், எல்லாரும் தலையணைக்குள்ளிருந்து பேசினார்கள். பின்துணி சல்லடை மாதிரி, ஊதினால் மூச்சு போகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு கரடிகளுக்குப் பிறகு ஒரு துணிக்கடையில் கிடைத்தது. மைக்கையும் ரெக்கார்டரையும் மட்டும் செய்ய முயலவில்லை, கடைசியில் காசு சேர்த்து நல்லதாகவே வாங்கினோம். முதல் வருடமே வாங்கியிருக்க வேண்டும். பெருங்குரலில் கத்தும் ஹடீடா என்ற அரிவாள்மூக்கன் பறவைக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. காலையும் மாலையும், நல்ல வெளிச்சம் இருக்கும் சரியான நேரத்தில், கூரை மேலிருந்து கத்திக்கொண்டு கிளம்பும்.

பணக் கணக்கு கேட்பீர்கள். கைவேலைச் சாமான்கள் எல்லாம் சேர்த்தும், நாலு படத்துக்கு ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் இந்த ஊர்ச் சாப்பாட்டின் செலவில் பாதிகூட வராது. ஆனால் டாலியைப் பூட்டி, மட்டம் பார்த்து, குழாயடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்ய எங்களுக்கு 40 நிமிடம் ஆகிறது. அந்த 40 நிமிடமும் சம்பளமில்லாமல் வந்த ஆறு பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நாலாவது படத்தில் இரண்டே ஷாட்டுக்குத்தான் டாலியை இறக்கினோம். மிச்சமெல்லாம் டிரைபாட், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு எடுத்தது. யாரும் வித்தியாசம் கேட்கவில்லை.

லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்பன் கோடைப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி போடாதீர்கள், தூசி.

வளைந்துபோன பழைய குழாய்கள் இரண்டும் இப்போது ஆயா வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் ஒரு சோதனை ஷாட்டுக்கு இரவல் கேட்டேன். காய் அறுத்து முடியட்டும், அப்புறம் வா என்றார்.